மேல்மாவுக்குள் மருந்து

கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு டாக்ஸில் என்ற புற்றுநோய் மருந்தின் கதையில் பாதி ஏற்கெனவே தெரியும். மேல்மாவு மெல்லிசாக இருக்க வேண்டும், ஆனால் விரியக் கூடாது. பூரணம் உள்ளேயே நிற்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. இலைக்கு வந்து சேரும்வரை உருக்குலையக் கூடாது, வாயில் போட்டதும் உடைய வேண்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1995 நவம்பரில் டாக்ஸிலுக்கு அனுமதி கொடுத்தது. நானோ அளவில் கட்டிய மருந்துகளில் அங்கே முதலில் அனுமதி பெற்றது அதுதான். அதைச் செய்தவர்கள் பல வருடம் மல்லுக்கட்டியது இதே கவலைகளோடுதான்.

'புற்றுநோய்ச் செல்லை மட்டும் தேடிப் போய்த் தாக்கும் நானோ மருந்து' என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும்போது அந்த வரியைப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும். இந்தத் துகள்களுக்குத் தேடத் தெரியாது. ரத்தம் இழுத்த இழுப்புக்குப் போகும், நுழைய இடம் கிடைத்தால் நுழையும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஒரு பெரிய நன்மையை அவை செய்திருக்கின்றன. அது என்ன நன்மை என்பதைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் பூரணம். டாக்ஸிலுக்குள் இருப்பது டாக்ஸோரூபிசின். இத்தாலியின் தென்கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலுக்குப் பக்கத்தில், காஸ்டெல் டெல் மான்டே என்ற பழைய கோட்டையைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் சிவப்பாக ஒரு பொருளைச் சுரந்தது. மிலான் நகரத்து ஃபார்மிடாலியா நிறுவனத்தார் 1960-களில் அந்த நுண்ணுயிரை மாற்றி வளர்த்து டாக்ஸோரூபிசினைப் பிரித்தார்கள். கடலின் பெயரையே வைத்து ஏட்ரியாமைசின் என்று விற்றார்கள். மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று, எலும்புப் புற்று, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்று என்று இத்தனைக்கும் கேட்கிற மருந்துகள் குறைவு. ஊசிக்குழாயில் பார்த்தால் நல்ல ரத்தச் சிவப்பு. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். வேலை செய்யும் விதம் கொடூரமானது: செல்லின் டி.என்.ஏ. ஏணிப்படிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டு, அந்த ஏணி முறுக்கவிழ்ந்து நகல் எடுக்க முடியாமல் பண்ணிவிடும். வேகமாகப் பெருகுகிற செல்லுக்கு அது மரண அடி.

சிக்கல், இதயத்துக்கும் அது ஆகாது என்பது. இதயத் தசைச் செல்கள் செத்தால் புதிதாக முளைப்பது மிக அரிது. அதனால் ஒவ்வொரு கீமோவிலும் விழுகிற சின்னச் சேதம் கணக்கில் கூடிக்கொண்டே போகும். சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துக்கூட மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதாக அது தலைகாட்டலாம். ஆகவே ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க மொத்தம் இவ்வளவுதான் என்று மருத்துவர்கள் ஒரு கோடு போட்டார்கள். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 60 மில்லிகிராம் என்று வைத்தால் எட்டு, ஒன்பது தடவையில் கோட்டைத் தொட்டுவிடும். மருந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டிய நிலைமை வரும்.

இதயத்துக்கு அது ஏன் போகிறது? எங்குமே போகிறது, அதனால் இதயத்துக்கும் போகிறது. டாக்ஸோரூபிசின் மூலக்கூறு ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவுதான். இட்லிப் பானையில் தட்டை வைத்து அடுப்பை ஏற்றினால் ஆவி எல்லாத் துளை வழியாகவும் மேலே வரும். தட்டில் இருக்கிற கொழுக்கட்டை துளை வழியே கீழே விழாது. நம் ரத்தக்குழாய்ச் சுவர் அப்படியொரு தட்டு. வெறும் டாக்ஸோரூபிசின் ஆவி. நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி ரத்தத்தை விட்டு இறங்கி தசை, தோல், முடிவேர், எலும்பு மஜ்ஜை, இதயம் என்று சகலத்திலும் பரவிவிடும். அதையே ஒரு மாவுக்குள் கட்டி, தட்டுத் துளையைவிடப் பெரிதாக்கிவிட்டால்? இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் நெருக்கமானது, கொழுக்கட்டை அதற்குள் புகாது. இதுதான் அடிப்படை யோசனை.

மாவு எது என்பதற்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை ஒட்டிய பாப்ரஹாமில் அலெக் பாங்கம் 1960-களின் தொடக்கத்தில் லெசித்தின் போன்ற கொழுப்பைத் தண்ணீரில் கலக்கி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே சின்னச் சின்ன உருண்டைகளாக மூடிக்கொண்டிருந்தது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்புகிற ஒரு தலை, தண்ணீரை வெறுக்கிற இரண்டு வால். தண்ணீரில் போட்டதும் வால்களெல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்ள, தலைகள் வெளிப்பக்கமும் உள்பக்கமும் நிற்க, இரட்டை வரிசையில் ஒரு சுவர் எழும்பி உருண்டையாக மூடிக்கொள்கிறது. நம் ஒவ்வொரு செல்லின் சுவரும் இதே கட்டுமானம்தான். இந்த உருண்டைக்கு லிபோசோம் என்று பெயர் வந்தது. மருந்தை வைக்க இதைவிடத் தோதான பாத்திரம் வேண்டாம் என்று பலருக்கும் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஜெருசலேமில் புற்றுநோய் மருத்துவர் ஆல்பர்ட்டோ காபிஸோனும் உயிர்வேதியியலாளர் யெஹெஸ்கெல் பாரன்ஹோல்ஸும் 1980-களில் இதில் இறங்கினார்கள். அவர்கள் பிடித்த முதல் கொழுக்கட்டை சரியாக வரவில்லை. அதில் மருந்து பூரணமாக நடுவில் இல்லை, மேல்மாவிலேயே கலந்து கிடந்தது. நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது, ரத்தத்தில் விழுந்த உடனே மருந்து கசிந்து வெளியேறியது. கசியாமல் மிஞ்சிய உருண்டைகளைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிட்டன. அங்கே உட்கார்ந்திருக்கிற விழுங்கணுக்களுக்கு ரத்தத்தில் வரும் அந்நியத் துணுக்குகளைப் பொறுக்குவதுதான் வேலை. கொழுப்பு உருண்டையைக் கண்டால் விட்டுவைக்குமா? கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். பலர் இந்த இடத்தில் லிபோசோமைக் கைவிட்டார்கள். இவர்கள் என்ன தப்பு நடந்தது என்று நோயாளிகளின் ரத்தத்தை அளந்து, மாவு, மேற்பூச்சு, பூரணம் மூன்றையும் மாற்றினார்கள். கலிஃபோர்னியாவின் லிபோசோம் டெக்னாலஜி நிறுவனமும் சேர்ந்துகொண்டது.

மாவில் செய்த மாற்றம் சமைப்பவர்களுக்குப் பழகியது. கொழுக்கட்டை மாவைக் கை பொறுக்கிற சூட்டில்தான் பிசைந்து சொப்பு பண்ண முடியும், ஆறினால் இறுகிவிடும். டாக்ஸிலுக்குத் தேர்ந்தெடுத்த கொழுப்பும் அப்படி. சோயா லெசித்தினில் இருந்து எடுத்து அதில் ஹைட்ரஜன் ஏற்றியிருப்பார்கள். எண்ணெயை வனஸ்பதி ஆக்குவதும் இதே வினைதான். வளைந்து நெளிந்திருந்த வால்கள் நிமிர்ந்து, நெருக்கமாக அடுக்கி நிற்கும். ஐம்பது டிகிரிக்கு மேலே அந்தச் சுவர் இளகும், அதற்குக் கீழே விறைக்கும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. ஆக, ஆலையில் சூடாக இருக்கும்போது பிடித்த உருண்டை உடம்புக்குள் போகும்போது இறுகிய நிலையில்தான் போகும். இடுக்குகளை அடைக்கக் கொலஸ்ட்ராலும் சேர்ப்பார்கள். உருண்டைகள் ஒரே அளவாக வர, சூடாக இருக்கும்போதே நுண்துளைச் சல்லடைகளில் அழுத்தி வெளியேற்றுவார்கள். கடைசியில் கிடைப்பது 80 முதல் 100 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

மேற்பூச்சு, கையில் தடவிக்கொள்கிற நல்லெண்ணெய் செய்கிற வேலையைச் செய்கிறது. ஒட்டவிடாது. பொருள் மட்டும் நேரெதிர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீளமான இழைகளை உருண்டையின் மேல் புல் முளைத்தது மாதிரி நட்டுவைப்பார்கள். அந்த இழைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சுற்றிலும் தண்ணீரைப் பிடித்து வைத்து உருண்டையைப் போர்த்திவிடும். ரத்தத்தில் மிதக்கிற புரதங்கள் மேலே வந்து படிந்தால்தான் விழுங்கணுவுக்கு அது அந்நியன் என்று அடையாளம் தெரியும். தண்ணீர்ப் போர்வை அந்தப் படிவைத் தாமதப்படுத்துகிறது. கல்லீரல் கடைசியில் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் அதற்குள் நாட்கள் கிடைத்துவிடும். டாக்ஸில் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு நாளுக்கு மேல், சுமார் 55 மணி நேரம் ஆகிறது.

இனி பூரணம் வைக்கிற விதம். கொழுக்கட்டை உவமை உடைவதும் இங்கேதான், இந்த மருந்தின் மிக அழகான பகுதியும் இதுதான். வீட்டில் சொப்பு செய்து, பூரணத்தை வைத்து, பிறகுதான் வாயை மூடுவோம். 100 நானோமீட்டர் உருண்டைக்கு அப்படிச் செய்தால், மூடும்போது தற்செயலாக உள்ளே மாட்டிக்கொண்ட மருந்துதான் மிஞ்சும். பெரும்பகுதி வெளியே வீணாகும். ஜெருசலேம் குழுவினர் முதலில் வெறும் உருண்டையைப் பிடித்து மூடினார்கள். பூரணம் பிறகு மூடிய மாவு வழியாகத் தானே நடந்து உள்ளே போய் உட்கார்ந்தது.

அது நடக்கிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உருண்டைகளை அம்மோனியம் சல்பேட் கரைசலுக்குள்ளேயே பிடிக்கிறார்கள். வயலுக்குப் போடுகிற அதே உப்புதான். உள்ளே அந்த உப்பு நிறைந்திருக்கும். பிறகு வெளியே இருக்கிற உப்பை மட்டும் கழுவி எடுத்துவிடுவார்கள். இப்போது உள்ளே உப்பு மிகுதி, வெளியே கிட்டத்தட்ட இல்லை. அம்மோனியம் என்பது அம்மோனியாவோடு ஒரு புரோட்டான் சேர்ந்தது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியா கொழுப்புச் சுவர் வழியே சுலபமாக நழுவி வெளியேறும். அது விட்டுவிட்டுப் போன புரோட்டான் வெளியேற முடியாமல் உள்ளே தங்கும். இப்படியே உட்பக்கம் அமிலத்தன்மை ஏறும்.

இந்தச் சமயத்தில் வெளியே டாக்ஸோரூபிசினைக் கலந்து, சுவர் இளகுகிற அளவுக்குச் சூடு காட்டுகிறார்கள். மின்னேற்றம் இல்லாத நிலையில் இருக்கிற டாக்ஸோரூபிசின் மூலக்கூறு சுவரைத் தாண்டி உள்ளே நுழைகிறது. உள்ளே காத்திருக்கும் புரோட்டான் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அதற்கு மின்னேற்றம் வந்துவிடும். மின்னேற்றம் வந்தது கொழுப்புச் சுவரைத் தாண்டாது. வந்த வழியே திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும் மூலக்கூறை சல்பேட் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து படிகமாக உறைகின்றன. உறைந்தது கரைசலில் இல்லை என்பதால் இன்னும் இன்னும் உள்ளே வர இடம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. கலந்த மருந்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உள்ளே போய்விடும். பிறகு ஆறவிட்டால் மாவு இறுகிக் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு உருண்டைக்குள் 10,000 முதல் 15,000 மூலக்கூறுகள். உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவே நெடுக்காக ஒரு கம்பி கிடப்பது தெரியும். அது டாக்ஸோரூபிசின் படிகம். யாரும் ஒவ்வொன்றாக வைக்கவில்லை. உப்பு, சூடு, ஒரு புரோட்டான், இந்த மூன்றை வைத்து இதைச் சாதித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி நோயாளியின் உடம்பு. ஏற்றிய மருந்து ரத்தத்தில் சுற்றுகிறது. இதயத்தில் தட்டுத் துளை சின்னது, கொழுக்கட்டை இறங்காது. கட்டிக்குள் மட்டும் ஏன் இறங்குகிறது என்பதற்கு 1986-இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேடாவும் ஒரு விளக்கம் சொன்னார்கள். கட்டி அவசரத்தில் வளர்கிறது. தனக்கு ரத்தம் வேண்டும் என்று அது இழுத்துக் கட்டுகிற குழாய்களும் அவசரக் கட்டுமானம். சுவர்ச் செல்கள் சரியாக மூடாமல், சில நூறு நானோமீட்டர் அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். தட்டு ஓட்டையாகிவிட்டது, கொழுக்கட்டை விழுகிறது. மேலும், சாதாரணத் திசுவில் கசிந்ததை வடித்து எடுத்துப்போக நிணநீர்க் குழாய்கள் இருக்கும். கட்டிக்குள் அந்த வடிகால் ஒழுங்காக வேலை செய்யாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே தங்கும். ரத்தத்தில் நாள் கணக்காகச் சுற்ற முடிகிற உருண்டைக்குத்தான் இது பயன்படும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழும்.

இது மனிதர்களிடம் நடக்கிறது என்பதை காபிஸோன் குழு 1994-இல் நேரடியாகக் காட்டியது. புற்றுநோயால் நெஞ்சுக்கூட்டிலோ வயிற்றிலோ நீர் கோத்த நோயாளிகளுக்கு டாக்ஸில் ஏற்றி, அந்த நீரை எடுத்து அளந்தார்கள். வெறும் டாக்ஸோரூபிசின் ஏற்றியபோது இருந்ததைவிட 4 முதல் 16 மடங்கு மருந்து அதில் இருந்தது. உச்சத்தைத் தொட்டது ஏற்றிய அன்று அல்ல, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். முதல் அனுமதி எந்த நோய்க்குக் கிடைத்தது என்பதும் பொருத்தமானது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வந்துகொண்டிருந்த கபோசி சர்கோமா, தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகளாக வருவது, ரத்தக்குழாய்ச் செல்களிலேயே முளைக்கிற புற்று. அவ்வளவு கசிவான குழாய்கள் வேறு எந்தக் கட்டியிலும் சுலபத்தில் கிடைக்காது. பின்னால் சினைப்பைப் புற்றுக்கும், 2007-இல் மல்டிபிள் மைலோமாவுக்கும் அனுமதி வந்தது.

கட்டிக்குள் விழுந்தது உடைய வேண்டுமே. இந்த இடத்தில் எல்லாம் மந்தமாகத்தான் நடக்கிறது. உருண்டையைக் கட்டியின் விழுங்கணுக்கள் தின்று செரிக்கின்றன, நொதிகள் கொழுப்பை அரிக்கின்றன, உப்பின் சமநிலை குலைந்து படிகம் கரைகிறது. இறுக்கமான மாவு ரத்தத்தில் காப்பாற்றும், கட்டிக்குள் போனபின் அதே இறுக்கம் மருந்தைத் தாமதிக்கும். சூடு காட்டினால் திறந்துகொள்ளும் லிபோசோமைச் செய்து, கட்டியை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திறக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தெர்மோடாக்ஸ் என்ற அந்த மருந்து கல்லீரல் புற்றுக்கான பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

பலனைப் பற்றி இனி ஒளிக்காமல் பேச வேண்டும். மார்பகப் புற்று பரவிய நிலையில் இருந்த 509 பெண்களை வைத்து நடந்த ஒப்பீட்டுச் சோதனை 2004-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு டாக்ஸில், மறுபாதிக்குப் பழைய டாக்ஸோரூபிசின். நோய் முன்னேறாமல் நின்ற காலம் டாக்ஸிலில் 6.9 மாதம், பழையதில் 7.8 மாதம். மொத்த ஆயுள் 21 மாதமும் 22 மாதமும். அதாவது கட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான். ஆனால் இதயம் பாதிக்கப்பட்டவர்கள் டாக்ஸில் பக்கம் 10 பேர், பழைய மருந்தின் பக்கம் 48 பேர். முடி கொட்டியது 20 சதவீதத்தினருக்கு, பழையதில் 66 சதவீதத்தினருக்கு. குமட்டலும் குறைந்தது.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மருந்தைக் கட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லித் தொடங்கிய முயற்சி, மருந்தை இதயத்துக்குப் போகவிடாமல் தடுப்பதில்தான் மகத்தான வெற்றி கண்டது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், பேரனைத் தூக்க முடியாமல் மூச்சிரைக்கிற ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டார்கள். 38 பெண்களின் இதயம் என்பது சின்ன விஷயம் இல்லை.

விலை ஒன்று உண்டு. அதே சோதனையில் டாக்ஸில் ஏற்றியவர்களில் 48 சதவீதத்தினருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, சிலருக்குத் தோல் உரிந்தது. பழைய மருந்தில் 2 சதவீதம்தான். நாள் கணக்காகச் சுற்றுகிற உருண்டை, அழுத்தமும் உரசலும் சூடும் படுகிற இடத்து நுண்குழாய்களில் கசிகிறது. வியர்வையோடும் தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு வெந்நீரில் பாத்திரம் தேய்க்க வேண்டாம், சூடான சட்டியைக் கைத்துணியால் பிடித்து இறக்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம், நெடுந்தூரம் நடக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். நம் வீடுகளில் கீமோ எடுத்துக்கொண்டு வந்த மறுநாளே அடுப்படியில் நிற்கிற பெண்கள் நிறைய. இந்த ஒரு மருந்துக்காவது வீட்டார் அவர்களை அடுப்படிப் பக்கம் விடாமல் இருந்தால், அது உபசாரம் ஆகாது, சிகிச்சையில் அடங்கும். உள்ளங்கை எரியத் தொடங்கியதுமே சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு மறைத்தால் அடுத்த தவணையில் முற்றும். சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது ஒரு வாரம் தள்ளிப்போடுவார்.

கட்டிக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேருகிறது? டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு 2016-இல் அதற்கு முந்தைய பத்து வருட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. பெரும்பாலும் எலிகளில் செய்தவை. ஏற்றியதில் கட்டியை அடைந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம். நூறு கொழுக்கட்டை அனுப்பினால் இலைக்கு ஒன்றுகூட முழுசாக வரவில்லை. நானோ மருந்து ஆய்வாளர்களை இந்த எண் உலுக்கிவிட்டது, சிலர் கணக்கிட்ட முறையை எதிர்த்தும் எழுதினார்கள். ஆனால் லண்டனில் நடந்து 2001-இல் வெளியான மனித ஆய்வும் வெகுதூரம் விலகி இல்லை. கதிரியக்க இண்டியம் ஏற்றிய லிபோசோமை 17 நோயாளிகளுக்குச் செலுத்திப் படமெடுத்தபோது, கட்டியில் தங்கியது மூன்றாம் நாளில் 0.5 முதல் 3.5 சதவீதம். தலை, கழுத்துப் புற்றில் அதிகம், மார்பகத்தில் குறைவு. ஒருவருக்கு ஓட்டையான தட்டு இன்னொருவருக்கு ஓட்டையாக இல்லை.

டொரன்டோ குழுவினர் 2020-இல் அந்த ஓட்டையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். எலிக் கட்டிகளில் குழாய்ச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்ததில் விரிசல்கள் எதிர்பார்த்ததைவிட மிக அரிதாக இருந்தன. துகள்களில் 97 சதவீதம் வரை, சுவர்ச் செல்களே விழுங்கி மறுபக்கம் கடத்திவிட்டுத்தான் உள்ளே போயின என்பது அவர்கள் முடிவு. மயேடா சொன்ன விளக்கம் முழுக்கப் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. கபோசி போன்ற கட்டிகளில் விரிசல் உண்மை. எல்லாக் கட்டிக்கும் அதையே பொருத்திப் பார்த்தது அவசரம். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து ஹார்வர்டில் ஆய்வு செய்யும் ராகேஷ் ஜெயின் இன்னொரு தடையைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார். வடிகால் இல்லாத கட்டிக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறியிருக்கும், அது உள்ளே வரப் பார்க்கிறதை வெளியே தள்ளும். வடிகால் இல்லாமை ஒரு பக்கம் உதவி, மறுபக்கம் இடைஞ்சல்.

சரி, உருண்டையின் மேல் புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் ஒரு புரதத்தை ஒட்டிவிட்டால் நேராக அங்கே போகாதா? செய்திகளில் 'தேடிப் போகும்' என்று வருவது இதைத்தான். பக்கத்தில் போய் உரசினால்தான் அந்தப் புரதம் பிடிக்கும். பக்கத்தில் கொண்டுபோவது எப்போதும்போல ரத்த ஓட்டம்தான். போகிற வழியில் ரத்தப் புரதங்கள் மேலே படிந்து அந்த அடையாளத்தை மூடியும் விடுகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் அற்புதமாக வேலை செய்தவை நோயாளிகளிடம் சறுக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்ற நானோ மருந்துகளும் கட்டியைத் தேடிப் போனதால் ஜெயித்தவை இல்லை. பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்துதான் ஏற்றினார்கள், அது பலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியது. 2005-இல் வந்த ஆப்ராக்ஸேன் பாக்ளிடாக்செலை ஆல்புமின் புரதத் துகளாக்கியதில் அந்தக் கரைப்பான் தேவைப்படாமல் போனது, மூன்று மணி நேர ட்ரிப்ஸ் அரை மணி நேரம் ஆனது. 2017-இல் வந்த விக்ஸியோஸ் ரத்தப் புற்றுக்கானது. ஒரே லிபோசோமுக்குள் சைடராபினையும் டவ்னோரூபிசினையும் ஐந்துக்கு ஒன்று என்ற மூலக்கூறு விகிதத்தில் அடைத்து, அந்த விகிதம் உடம்புக்குள் கலையாமல் காக்கிறது. இரண்டு பூரணம், ஒரே மாவு.

இவ்வளவு பக்குவமான பண்டத்தைச் செய்வது எளிதில்லை என்பது 2011-இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஒஹையோவில் டாக்ஸில் தயாரான ஆலையில் உற்பத்தி நின்றதும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. நடுச் சிகிச்சையில் இருந்த நோயாளிகள் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். 2012 பிப்ரவரியில், இந்தியாவின் சன் ஃபார்மா நிறுவனத்தின் லிபோடாக்ஸை இறக்குமதி செய்ய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தற்காலிகமாக இசைந்தது. அடுத்த பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் மருந்துக்கு முறையான அனுமதியும் கொடுத்தது.

இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் பழைய டாக்ஸோரூபிசின், லிபோசோம் டாக்ஸோரூபிசின் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றக் கூடாது. அளவு வேறு, இடைவெளி வேறு, உடம்புக்குள் போகும் பாதையே வேறு. லிபோசோம் மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், உப்புக் கரைசலில் கூடாது. ட்ரிப்ஸ் குழாயில் வடிகட்டி மாட்டக் கூடாது. முதல் தடவை மிக மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். நெஞ்சு இறுக்கமோ முகச் சிவப்போ முதுகுவலியோ வருகிறதா என்று பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள். பாட்டிலில் பழைய மருந்து கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பாக இருக்கும், இது லேசாகக் கலங்கிய சிவப்பு. ஏற்றுவதற்கு முன் செவிலியர் பெயரையும் சீட்டையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றால், கூட இருப்பவர் அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். சீட்டில் 'லிபோசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்று அவரோடு சேர்ந்து தாமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.